கண்ணாடிக்குள் ஒரு கடல்: சுத்தம் செய்வது எப்படி? படம் எடுப்பது எப்படி?

முன்னுரை



நம்ம அறிவியல் அறையில் மீன் தொட்டி வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர், "வெறும் மீன் எதுக்கு? டிவியில் காட்டுற மாதிரி கலர் கலரா பவளம் வைக்கலாமே" என்று கேட்டார்கள். பவளம் வைக்கலாமா? தொட்டியை எப்படிச் சுத்தமாக வைப்பது? அதை எப்படி அழகாகப் படம் எடுப்பது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தையும் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

1. பவளம் கல் இல்லை

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம்தான் நமக்கு ஞாபகம் வரும். அதுவும் ஒரு கடல் உயிரியின் கூடுதான். ஆனால் பவளப்பாறையைக் கட்டும் பவளம் வேறு வகை.

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது விலங்கு! பாலிப் என்ற சின்னச் சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் உண்டு. வாயைச் சுற்றி விரல் மாதிரி உணர்கொம்புகள் உண்டு. கடல் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும். அந்த வீடுகள் சேர்ந்து சேர்ந்துதான் பாறை ஆகிறது.

இன்னொரு அதிசயம். பாலிப்பின் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. பவளம் பாசிக்கு இடம் கொடுக்கிறது. வாடகைக்குப் பதிலாகச் சாப்பாடு! பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு இந்தப் பாசியால் வருவதுதான். தண்ணீர் அதிகமாகச் சூடானால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் பவளம் வெளுத்தல் என்கிறோம். சூடு சீக்கிரம் குறைந்தால் பிழைத்துக்கொள்ளும். பல நாள் நீடித்தால் பட்டினியால் செத்துவிடும்.

2. நம்ம தமிழ்நாட்டுப் பவளம்

பவளத்தைப் பார்க்க ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986 இல் இந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989 இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

ஒரு காலத்தில் இங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பாறை இருந்தால் அலை அதில் மோதி வேகம் குறையும். பாறை போனால் அலை நேராகத் தீவையே அரிக்கும். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. யோசித்துப் பாருங்கள், ஒரு தீவே காணாமல் போவது என்றால்! அது போதாதென்று 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகி நிறையப் பவளம் வெளுத்தது.

3. தொட்டியில் பவளம் வளர்க்க என்ன வேண்டும்?

வெளிநாடுகளில் சிலர் வீட்டிலேயே பவளத் தொட்டி வைக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அதன் பின்னால் இருக்கும் வேலையைக் கேளுங்கள்.

* தண்ணீர்: ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்பு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி என்றால் 2 கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2 கிலோ உப்பு. சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு வேண்டும்.
* வெப்பம்: சுமார் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்.
* ஒளி: தினமும் 8 மணி நேரமாவது பலமான விளக்கு.
* நீரோட்டம்: கடலலை மாதிரி தண்ணீரைத் தள்ளும் மோட்டார், இரவும் பகலும்.

இதில் ஒரு வேடிக்கை. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உப்பளத்தில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கும். அதனால் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணியைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணியை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

4. அப்படியானால் நாம் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. முதல் காரணம் சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இல் வந்தது. பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் 2001 இல் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு! கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்துக் காய்ந்த பவளத்துக்கும் இதே சட்டம்தான். கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது யாராவது ஷோகேஸுக்கு என்று நீட்டினால் வாங்காதீர்கள்.

இரண்டாவது காரணம் நம்ம ஊர் வெயில். சித்திரையில் நம்ம பக்கம் 38, 40 டிகிரி அடிக்கிறது. கடலே சூடாகும்போது தாங்காத பவளம், 56 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எப்படித் தாங்கும்? நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நம்ம பள்ளிக்கு நல்ல தண்ணி மீன்தான் சரி. நம்ம போர் தண்ணியில் உப்புச் சத்து ஜாஸ்தி. கப்பி, மோலி இரண்டும் அந்த மாதிரித் தண்ணியிலும் நன்றாக வாழும். பவளத் தொட்டியோ மீன் தொட்டியோ, சுத்தம் செய்யும் விதி ஒன்றுதான். அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

5. சுத்தம் என்றால் என்ன?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆயுத பூஜைக்குத் தறிக்கூடத்தைக் கழுவியபோது மீன் தொட்டியையும் விடவில்லை. தண்ணி முழுக்கக் கொட்டி, கல், பில்டர் எல்லாம் சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று வைத்தார்கள். பொட்டு கூட வைத்தார்கள். இரண்டே நாளில் ஐந்து மீனும் மிதந்தன. "இவ்வளவு சுத்தமா வச்சும் செத்துப்போச்சே" என்று அந்த அக்கா அழுதார்கள்.

ஏன் செத்தன? சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கும். அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கல்லிலும் பில்டர் பஞ்சிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. நாம் பாடத்தில் படிக்கும் நைட்ரஜன் சுழற்சிதான் இது! தொட்டியைத் தேய்த்துக் கழுவியதும் அந்தப் பாக்டீரியாக்கள் போய்விட்டன. அம்மோனியா ஏறிவிட்டது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த தண்ணி மீனுக்கு விஷமாகிவிட்டது.

ஆகவே நண்பர்களே, தொட்டியின் உண்மையான துப்புரவுப் பணியாளர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். நம் வேலை அவர்களுக்கு உதவி செய்வதுதான். புதுத் தொட்டியில் அவர்கள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் முதல் நாளே பத்து மீன் விடக் கூடாது. இரண்டு மூன்றில் தொடங்க வேண்டும்.

6. வாரம் ஒரு முறை செய்முறை

தேவையானவை: தனியாக வைத்த ஒரு வாளி, 4 அடி பிளாஸ்டிக் டியூப், சோப்புப் படாத பழைய பஞ்சு, ஒரு குடம்.

அ) முதலில் பிளக்கைப் பிடுங்கவும். ஈரக் கையோடு கரண்ட் பக்கம் போகக் கூடாது.

ஆ) கையைக் கழுவவும். சோப்பு வாசம் கையில் இருக்கக் கூடாது.

இ) கண்ணாடியின் உள்பக்கப் பாசியைப் பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைக்கவும். மணல் துகள் மாட்டினால் கண்ணாடியில் கீறல் விழும், கவனம்.

ஈ) டியூப் முழுக்கத் தண்ணி நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைக் கீழே வாளியிலும் விடவும். விரலை எடுத்ததும் தண்ணி தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். அடியில் கிடக்கும் அழுக்கைச் சேர்த்து இழுக்கவும்.

உ) கால் பங்குத் தண்ணிதான் மாற்ற வேண்டும். 56 லிட்டரில் 14 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம்.

ஊ) பில்டர் பஞ்சை வாளியில் எடுத்த அதே பழைய தண்ணியில் அலசவும். குழாயில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

எ) குழாய்த் தண்ணியை ஒரு நாள் முன்பே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து வைத்தால் குளோரின் வெளியேறும். அதைத்தான் மெதுவாக ஊற்ற வேண்டும்.

ஏ) பிளக்கை மறக்காமல் மாட்டவும்!

வாளியில் இருக்கும் அழுக்குத் தண்ணியைக் கொட்ட வேண்டாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. நம்ம பள்ளி வேப்பங்கன்றுக்கு ஊற்றினால் அதுவே உரம்.

தீனி இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். பாதி அழுக்கு நாம் அள்ளிப் போடும் தீனியால்தான் வருகிறது. தொட்டியை ஜன்னல் வெயிலில் வைத்தால் பாசி பச்சைப் பசேல் என்று பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: 'டேங்க் கிளீனர்' என்று கடையில் ஒரு கறுப்பு மீன் விற்கிறார்கள். அது தென் அமெரிக்க மீன். சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும். பிறகு முழங்கை நீளம் வளரும். வளர்ந்ததும் சிலர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி நம்ம நாட்டு மீன்களுக்குத் தொல்லை கொடுக்கிறது. பூலாம்பட்டிக் காவிரியில் யாரும் தொட்டி மீனை விடாதீர்கள்.

7. படம் எடுப்பது எப்படி?

பெரிய கேமரா வேண்டாம். வீட்டுப் பெரியவர்களின் போன் போதும்.

* கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைக்கவும். நம் கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை படத்தில் தெரியும்.
* அறை விளக்கை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் போடவும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஜன்னலும் நம்ம முகமும்தான் விழும். நமக்குப் பின்னால் இரண்டு பேர் கறுப்புத் துணி பிடித்தால் இன்னும் நல்லது.
* பிளாஷ் போடக் கூடாது. வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பும், மீனும் பயப்படும்.
* போனைக் கண்ணாடிக்கு நேராக, ஒட்டினாற்போல் பிடிக்கவும். சாய்த்துப் பிடித்தால் ஒளிவிலகலால் மீன் இழுபட்ட மாதிரி, சில நேரம் இரட்டையாகத் தெரியும்.
* மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்தினால் தூசி அடங்கும். திரும்பப் போட ஒருவரை ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.
* மீனைத் துரத்தாதீர்கள். ஒரே இடத்தில் காத்திருங்கள். மீனின் கண் தெளிவாக விழுந்தால் படம் உயிரோடு இருக்கும்.

மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களுக்குச் சுற்றுலா போகும்போதும் இதே விதிதான். நீல விளக்குப் போட்ட தொட்டியில் படம் முழுக்க நீலமாகிவிடும். லென்ஸ் முன்னால் மஞ்சள் கண்ணாடிப் பேப்பர் பிடித்தால் நீலம் குறையும்.

8. படம் தொட்டியின் நோட்டு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தினமும் பார்க்கும் பொருளில் வரும் மாற்றம் நமக்குத் தெரியாது. தம்பி வளர்வது நமக்குத் தெரியாது. ஊரிலிருந்து வரும் அத்தைக்குத்தான் தெரியும். படம் அந்த அத்தை மாதிரி!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று ஒரு படம் எடுப்போம். மூலையில் தேதி எழுதிய வெள்ளைத் தாள் ஒட்டுவோம். தாள் எப்போதும் வெள்ளைதானே? படத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தாள் வெள்ளையாக இருந்து தண்ணி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் தண்ணிதான் மாறியிருக்கிறது. நாலு வாரப் படத்தை வரிசையாக வைத்தால் பாசி கூடியதா, மீன் மெலிந்ததா என்று தெரிந்துவிடும்.

கடலிலும் இதையேதான் செய்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் முங்கிப் போய்ப் பாறை மேல் சதுரச் சட்டம் வைத்துப் படம் எடுப்பார்கள். மறுபடி அதே இடத்துக்குப் போய் எடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எவ்வளவு பவளம் உயிரோடு இருக்கிறது, எவ்வளவு வெளுத்தது என்று சொல்கிறார்கள்.

முடிவுரை

பவளம் கடலில் இருக்கட்டும். அதன் படம் நம்ம சுவரில் இருக்கட்டும். நம்ம தொட்டியில் கப்பி நீந்தட்டும். "கழுவிக் கழுவி மீனைக் கொன்றார்கள்" என்று நம்ம பள்ளிக்குப் பெயர் வரக் கூடாது. வாரம் ஒரு குடம் தண்ணி, ஒரு படம், அளவான தீனி. இந்த மூன்றையும் முறை போட்டுச் செய்ய எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் தயார். மற்ற வகுப்பினரும் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதலாம்.

யோசித்துப் பாருங்கள்

1. பவளம் தாவரமா, விலங்கா?
2. பில்டர் பஞ்சைக் குழாயில் ஏன் கழுவக் கூடாது?
3. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் கால் பங்கு எத்தனை லிட்டர்? (1 கன அடி = சுமார் 28 லிட்டர்)

விடைகள்: 1. விலங்கு. 2. குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். 3. சுமார் 21 லிட்டர்.

கடல் காப்போம்! பவளம் காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி