டேப்லெட்டில் இணைத்த வன்தட்டு திறக்கவில்லையா?

திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் கணபதி கோயிலின் முன்பு காலை முதலே தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். தொடங்கும் காரியம் தடையின்றி முடிய வேண்டும் என்பதே அங்கு வருவோரின் வேண்டுதல். கோயிலிலிருந்து சில நிமிட நடையில் கிழக்கேகோட்டையும், அதையடுத்துச் சாலைக் கம்போளமும் உள்ளன. 18-ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றனர். முன்பு பேரேட்டில் இருந்த அவர்களது கணக்கு, இன்று பல கடைகளில் கல்லாப்பெட்டியின் அருகே இருக்கும் டேப்லெட்டுக்கு வந்துவிட்டது. விற்பனைப் பட்டியல், கொள்முதல் ரசீதின் புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய அனைத்தும் அதனுள்ளேயே சேர்கின்றன.

இவற்றை நினைத்தபோது அழித்துவிட இயலாது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-இன் 36-ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற வணிகர் ஓர் ஆண்டின் கணக்குகளை, அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்தல் வேண்டும். டேப்லெட்டின் உள்நினைவகம் அதற்கு முன்பே நிறைந்துவிடும். ஆகவே ஹார்டு டிஸ்க் எனப்படும் வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி, இணைப்பான் வழியாக டேப்லெட்டுடன் இணைக்கிறோம். பலருக்குத் தடை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

வன்தட்டின் சிறு விளக்கு எரிகிறது. உள்ளே ஏதோ சுழலத் தொடங்குகிறது. பிறகு 'டிக், டிக்' என்னும் ஒலி. விளக்கு அணைந்து மீண்டும் எரிகிறது. திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. அல்லது ஒரு கணம் தோன்றி மறைகிறது. ஐபேடாக இருந்தால், இணைத்த கருவி மிகுதியான மின்சாரம் கேட்கிறது என்ற பொருளில் அறிவிப்பு வரலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டாக இருந்தால், சேமிப்பகம் பழுதுற்றுள்ளது, அமைப்பதற்குத் தொடுக என்ற பொருளில் ஒரு வரி வரலாம்.

அந்த வரியைத் தொடவேண்டாம் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். அதனைத் தொட்டு அடுத்தடுத்துச் சம்மதம் கொடுத்தால், வன்தட்டை ஃபார்மட் செய்வதில் போய் முடியும்; ஆறு ஆண்டுக் கணக்கும் வெற்றுத் தட்டாகிவிடும். பெரும்பாலான நேரங்களில் வன்தட்டில் பழுது ஏதும் இருப்பதில்லை. அதற்குப் போதிய மின்சாரம் கிடைக்காததால், டேப்லெட் அதனைச் சரிவரப் படிக்க இயலாமல் தவிக்கிறது, அவ்வளவே. பட்டினி கிடப்பவரை நோயாளி என்று முடிவுகட்டுவது போன்ற பிழை இது.

மின்சாரம் எங்கே குறைகிறது?

யூஎஸ்பி துளை தரவை மட்டுமன்றி மின்சாரத்தையும் கடத்துகிறது. அதன் அழுத்தம் 5 வோல்ட். எவ்வளவு மின்னோட்டம் தரவேண்டும் என்பதற்கு வரையறை உண்டு. 2000-ஆம் ஆண்டின் யூஎஸ்பி 2.0 விதிமுறையில் ஒரு துளைக்கு 500 மில்லியாம்பியர். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 விதிமுறையில் 900 மில்லியாம்பியர். வாட் கணக்கில் சொன்னால் முறையே 2.5 வாட், 4.5 வாட். இவை மேசைக் கணினியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அளவுகள். மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்காக 2001-இல் வெளியான ஓடிஜி விதிமுறையோ, பிற கருவியை இயக்கும் கருவி குறைந்தது 8 மில்லியாம்பியர் தந்தாலே போதும் என்று விட்டுவிட்டது. நம் டேப்லெட்டுகள் நடைமுறையில் அதைவிட மிகுதியாகவே தருகின்றன. எனினும் எவ்வளவு தரும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். பெட்டியின் மீது அதனை அச்சிடுவதும் அரிது.

இனி வன்தட்டின் பக்கம் பார்ப்போம். கையடக்கமான 2.5 அங்குல வன்தட்டுகள் பலவற்றின் அடிப்புறத்தில் 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவான அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதாவது 1000 மில்லியாம்பியர் வரை. ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு தேவைப்படாது. நின்றிருக்கும் தட்டைச் சுழலச் செய்யும் முதல் சில விநாடிகளில்தான் தேவை உச்சத்தைத் தொடுகிறது. வீட்டில் கிணற்று மோட்டாரைப் போடும் கணத்தில் விளக்குகள் மங்கிப் பின் தெளிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே நிகழ்ச்சி இங்கே உள்ளங்கை அளவில் நடைபெறுகிறது. டேப்லெட் தன் வரம்பை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது, தட்டு நிற்கிறது, மீண்டும் மின்சாரம் வருகிறது, மீண்டும் முயல்கிறது. நாம் கேட்ட 'டிக்' ஒலி பெரும்பாலும் இந்த முயற்சியின் ஒலியே.

கேபிளும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கேபிளில், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய அரை ஓம் மின்தடை இருக்கக்கூடும். அதில் 1 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டாகப் புறப்பட்டது 4.5 வோல்ட்டாகச் சென்று சேரும். வன்தட்டுடன் வந்த கேபிள் குட்டையாக இருப்பதைக் கண்டு நிறுவனத்தின் சிக்கனத்தைக் குறைகூறுவோர் உண்டு. உண்மையில் அந்தக் குட்டைக் கேபிளே நமக்கு நல்லது.

டைப்-சி துளை பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. அத்துளையின் வழியே டேப்லெட் 3 ஆம்பியர் வரை வாங்கிக்கொண்டு விரைவாக மின்னேற்றம் பெறலாம். அதே துளை வழியே வெளியே 3 ஆம்பியர் கொடுக்கும் என்று பொருளில்லை. வாங்கும் கையும் கொடுக்கும் கையும் ஒரே அளவினவாக இருப்பதில்லை என்பது வங்கி வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

குறை எங்கே என்று கண்டறிதல்

கடைக்கு ஓடுமுன் பத்து நிமிடங்களில் நாமே சோதித்தறியலாம். டேப்லெட்டின் மின்கலத்தை முதலில் நன்கு நிரப்பிக்கொள்வோம். அது மிகவும் குறைந்திருந்தால் சில கருவிகள் வெளியே மின்சாரம் தர மறுத்துவிடும். பின்னர், அதே இணைப்பானில் சாதாரணப் பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் பார்ப்போம். அதற்குத் தேவைப்படும் மின்சாரம் மிகச் சிறிது. அது திறந்தால் துளையும் இணைப்பானும் நலமாக உள்ளன. அதுவும் திறக்கவில்லையெனில், அமைப்புகள் பகுதியில் ஓடிஜி என்னும் தெரிவு அணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். சில நிறுவனத் தயாரிப்புகளில் அதனை நாமே இயக்கவேண்டும். சிறிது நேரம் பயன்படுத்தாமல் இருந்தால் தானாகவே அணைந்தும் விடும். மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படும், தரவைக் கடத்தாத கேபிள்களும் கடைத்தெருவில் விற்கின்றன என்பதையும் நினைவிற் கொள்க.

அடுத்து வன்தட்டை, அதனுடன் வந்த கேபிளைக் கொண்டே ஒரு மேசைக் கணினியில் இணைப்போம். அங்கே அமைதியாகச் சுழன்று கோப்புகளைக் காட்டினால் வன்தட்டும் நலம். பென் டிரைவும் திறக்கிறது, வன்தட்டும் கணினியில் திறக்கிறது, இரண்டும் சேரும்போது மட்டும் 'டிக்' என்கிறது என்றால், குறை மின்சாரத்தில்தான் என்று ஐயமின்றிக் கூறலாம். கணினியிலும் அதே ஒலி எழுந்தால் நிலைமை வேறு. உடனே கழற்றிவிட்டுத் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுத்தல் நலம்; மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது இழப்பைப் பெருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. விளக்கு நிலையாக எரிகிறது, தட்டு சீராகச் சுழல்கிறது, ஒலி ஏதுமில்லை. ஆயினும் டேப்லெட் கோப்புகளைக் காட்ட மறுக்கிறது. இங்கே மின்சாரத்தைக் குறைகூறுதல் ஆகாது. வன்தட்டு என்டிஎஃப்எஸ் என்னும் முறையில் ஒழுங்கமைக்கப்பட்டிருக்கக்கூடும். டேப்லெட்டுகள் பலவற்றுக்கு அது முழுமையாகப் பிடிபடுவதில்லை. எக்ஸ்ஃபேட் முறை கணினிக்கும் பெரும்பாலான புதிய டேப்லெட்டுகளுக்கும் பொதுவானது. முறையை மாற்றுவதற்கும் ஃபார்மட் செய்தே ஆகவேண்டும் என்பதால், கோப்புகளை முதலில் கணினியில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே அதனைச் செய்தல் வேண்டும்.

மின்சாரத்தைத் தனியே ஊட்டுதல்

குறை மின்சாரத்தில் என்று தெளிந்தபின் தீர்வு எளிது. வன்தட்டுக்கு வேண்டியதை டேப்லெட்டிடம் கேளாமல் வேறிடத்திலிருந்து கொடுக்கவேண்டும். தனக்கென அடாப்டர் கொண்ட யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்தால், தரவு டேப்லெட்டுக்கும், மின்சாரம் சுவர்ப் பலகையிலிருந்தும் வரும். அடாப்டர் இல்லாத மலிவான ஹப்பை வாங்கிவிடலாகாது. பழைய விதிமுறைப்படி அத்தகைய ஹப் தான் பெறும் 500 மில்லியாம்பியரில் 100-ஐத் தான் வைத்துக்கொண்டு, நான்கு துளைகளுக்கும் தலா 100 வீதம் பங்கிட்டுவிடும். இருந்த நிலைமை மேலும் மோசமாகும். அடாப்டரின் மீது பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ளதா என்றும் பார்த்து வாங்குவது நன்று.

டைப்-சி டேப்லெட்டுகளுக்கு, மின்னேற்றியைச் செருகும் துளையோடு கூடிய ஹப்புகள் கிடைக்கின்றன. டேப்லெட்டும் மின்னேறும், வன்தட்டும் இயங்கும். பழைய லைட்னிங் துளை கொண்ட ஐபேடுகளுக்கு இதே ஏற்பாடு உள்ள கேமரா இணைப்பான் உண்டு. வெளி வன்தட்டை ஐபேடில் திறக்கும் வசதி 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதற்கொண்டே கிடைக்கிறது. மேசைமீது வைக்கும் பெரிய 3.5 அங்குல வன்தட்டுகளுக்குத் தனி அடாப்டர் உடன் வருவதால், அவற்றில் இத்தொல்லை எழுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனியாத இடர் ஒன்று உள்ளது. பட்டியல்கள் வன்தட்டுக்கு நகலாகிக்கொண்டிருக்கும்போது மின்தடை ஏற்பட்டால், ஹப்பிலிருந்து வரும் மின்சாரம் நின்று, பாதி எழுதிய நிலையில் வன்தட்டு அறுபடும். மின்னேற்றியைச் செருகும் ஹப்புகளில், மின்னேற்றியைக் கழற்றும்போதோ செருகும்போதோ, மின்சாரம் தருபவர் யார், பெறுபவர் யார் என்ற பொறுப்பு கைமாறுகிறது. அந்தக் கைமாற்றத்தின்போது தட்டு ஒரு கணம் துண்டிக்கப்படக்கூடும். அறுபட்ட கோப்பு திறக்காமற் போகலாம். சில வேளைகளில் கோப்புகளின் பட்டியலே சிதைந்துபோகும். ஆகவே நகலெடுக்கும் வேளையில் மின்னேற்றியைத் தொடாதிருத்தல் வேண்டும். கடையில் யூபிஎஸ் இருந்தால் ஹப்பின் அடாப்டரை அதில் செருகலாம். ஒரே மூச்சில் ஓராண்டுக் கணக்கையும் அனுப்பாமல், மாதம் மாதமாகப் பிரித்து அனுப்பினால் இழப்பு நேர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும். மூலக்கோப்புகளை டேப்லெட்டிலிருந்து நீக்குமுன், நகலானவற்றுள் சிலவற்றையாவது வன்தட்டிலிருந்தே திறந்து பார்க்கவேண்டும்.

பயணத்தில் இருப்போர் மின்சாரம் தேடித் தம்பானூர் ரயில் நிலையத்திலோ வேறு பொது இடங்களிலோ உள்ள யூஎஸ்பி துளைகளில் ஹப்பையோ டேப்லெட்டையோ இணைப்பதைத் தவிர்த்தல் வேண்டும். பொது மின்னேற்றத் துளை வழியே கருவியிலுள்ள தகவல்களைத் திருடும் முறையைப் பற்றி, இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நிதி மோசடி விழிப்புணர்வுக் கையேடு எச்சரித்துள்ளது. சொந்த அடாப்டரைச் சுவர்ப் பலகையில் செருகினால் அந்த அச்சம் இல்லை. வன்தட்டு கைதவறிப் போனால் கணக்கு அறிக்கைகளும் உடன்போகும் என்பதால், அவற்றைக் கடவுச்சொல்லுடனேயே சேமித்தல் வேண்டும். இரகசிய எண்களை எந்த வட்டிலும் எழுதி வைக்கலாகாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது நல்ல தேர்வு. சுழற்சியைத் தொடங்கவேண்டிய மோட்டார் இல்லாததால் பல டேப்லெட்டுகளில் நேரடியாகவே இயங்கும். அதிவேக வகைகள் மட்டும் கூடுதல் மின்சாரம் கேட்கும். ஆனால் மின்சாரமே இன்றி ஆண்டுக்கணக்கில் பெட்டகத்தில் வைப்பதற்கு எஸ்எஸ்டி ஏற்றதன்று; அது தகவலை மின்னூட்டமாகச் சேமிப்பதால், நாள்பட அம்மின்னூட்டம் கசிந்து குறையும். காந்த முறையில் எழுதும் வன்தட்டுக்கு அக்குறை இல்லை. 72 மாதக் கணக்கின் இரண்டாம் படியை வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்க விரும்புவோர் வன்தட்டையே தேர்ந்தெடுத்து, திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றை எண்ணி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் மூடிய உறையில் இடலாம். அதற்குரிய கேபிளையும் அதே உறையில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து இயக்கிப் பார்த்துத் திரும்ப வைப்பது வழக்கமாக இருக்கட்டும்.