பன்னிரண்டு வயதில் பல்லவ அரியணை: இரண்டாம் நந்திவர்மன் – முக்கியக் குறிப்புகள்

பல்லவர் பாடத்தை மகேந்திரவர்மன், மாமல்லன், ராஜசிம்மன் என்று மூன்று பெயர்களோடு முடித்துக்கொள்பவர்களே அதிகம். இரண்டாம் நந்திவர்மன் என்றால் ‘வைகுண்டப் பெருமாள் கோயில்’ என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். வாரிசு இல்லாத நாடு, தேடிப்போய் அழைத்துவரப்பட்ட சிறுவன், அவனுக்கு எதிராகக் கிளம்பிய உரிமைப் போர் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நிகழ்ச்சிகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டால் செப்பேட்டுக் கேள்வி, கோயில் கேள்வி, சாளுக்கியர் கேள்வி மூன்றுக்கும் விடை இங்கேயே கிடைக்கும்.

• சிக்கலின் தொடக்கம்: ராஜசிம்மனுக்குப் பின் சுமார் 728-இல் இரண்டாம் பரமேசுவரவர்மன் பட்டத்துக்கு வந்தான். மூன்று ஆண்டுகள்கூட நிம்மதியாக ஆள முடியவில்லை. சாளுக்கிய இளவரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மீது படையெடுத்துத் திறை வாங்கினான். சுமார் 731-இல் பரமேசுவரவர்மன் இறந்தான். சிம்மவிஷ்ணுவின் நேர்வழி அவனோடு நின்றுபோனது.

• மாற்றுக் கிளை: சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன். காசாக்குடிச் செப்பேடு தரும் வரிசை: பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன், நந்திவர்மன். இதை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிடுங்கள். நந்திவர்மனின் தாய் பெயர் ரோகிணி.

• அழைக்கப் போனவர்கள்: மாத்திரர் (அமைச்சர்கள்), மூலப்பிரகிருதிகள் (குடிமக்களில் முதன்மையானோர்), கடிகையார். கடிகை என்பது காஞ்சியின் புகழ்பெற்ற உயர்கல்வி நிலையம். அரசன் இல்லாத நேரத்தில் அடுத்த அரசனைத் தேடிப் போன குழுவில் கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கடிகை பற்றிய கேள்விக்கு வேதக்கல்வி என்று மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுதினால் விடை கனம் பெறும்.

• தேர்வு நடந்த விதம்: இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபச் சுவரில், சிங்கத் தூண்களுக்குப் பின்னால், பிரம்மனில் தொடங்கிப் பல்லவர் வரலாறு முழுவதும் இரண்டு அடுக்குகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நந்திவர்மன் முடிசூடும் பகுதிக்கு மட்டும் சிற்பங்களுக்குக் கீழே விளக்கக் கல்வெட்டுகளும் உண்டு. அவை சொல்லும் செய்தி இது.

வந்தவர்கள் இரணியவர்மனிடம் நிலைமையைச் சொன்னார்கள். அவன் தன் நான்கு மகன்களான ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன் ஆகியோரை அழைத்து, யார் போகிறீர்கள் என்று கேட்டான். மூத்தவர்கள் மூவரும் மறுத்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் நான் போகிறேன் என்றான். அப்போது வயது 12. இவ்வளவு சிறுவனை எப்படி அனுப்புவது என்று தகப்பன் தயங்கினான். அந்த நேரத்தில் அவன் கண்ணுக்கு யானைத் தலைகள்போல ஏதோ தெரிந்தன. அவை யானைத் தலைகள் அல்ல, உன் மகன் சூடப்போகும் மகுடங்கள் என்று தரணிகொண்ட போசர் என்ற முதியவர் விளக்கினார். அதன் பிறகே தகப்பன் சம்மதித்தான்.

சிறுவன் மலை, ஆறு, காடு கடந்து வந்தான். பல்லவடி அரையர் பெரும் படையோடு எதிர்கொண்டு, யானை மேல் ஏற்றிக் காஞ்சிக்கு அழைத்துவந்தார். மகாசாமந்தர், நகரத்தார், மூலப்பிரகிருதிகள், காடக்க முத்தரையர் ஆகியோர் ஊர் எல்லையில் வரவேற்றார்கள். நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடிசூட்டினார்கள். கட்வாங்கக் கொடி, சமுத்திரகோஷம் என்ற முரசு, காளை இலச்சினை ஆகிய அரச சின்னங்கள் அவனுக்கு உரியவையாயின. ஓர் அரசன் தேர்ந்தெடுக்கப்பட்டதை இவ்வளவு படிப்படியாகக் கல்லில் காட்டும் இடம் தமிழகத்தில் மிக அபூர்வம்.

மலையும் காடும் கடந்து வந்தான் என்பதை வைத்து அவன் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவன் என்று சிலர் வாதிட்டார்கள். அது கருத்து மட்டுமே, நிறுவப்பட்ட செய்தி கிடையாது. விடைத்தாளில் உறுதியாக எழுத வேண்டாம்.

• சான்றுகள் மோதும் இடம்: காசாக்குடிச் செப்பேடு (22-ஆம் ஆட்சியாண்டு) இவன் குடிமக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கிறது. உதயேந்திரம் செப்பேடோ (21-ஆம் ஆட்சியாண்டு) இவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. ஓராண்டு இடைவெளியில் எழுந்த இரண்டு சாசனங்கள்! சிற்பங்களும் காசாக்குடிச் செப்பேடும் ஒத்துப்போவதால் கிளைவழி வந்தவன் என்பதையே ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். சில கையேடுகள் ‘மகன்’ என்றே அச்சிட்டிருக்கின்றன, திருத்திக்கொள்ளுங்கள். இவனுடைய பிற செப்பேடுகள்: தண்டந்தோட்டம் செப்பேடு 58-ஆம் ஆண்டு, பட்டத்தாள்மங்கலம் செப்பேடு 61-ஆம் ஆண்டு.

• எதிர்ப்பு: சித்திரமாயன் என்ற பல்லவ இளவரசன் அரியணைக்கு உரிமை கோரினான். பாண்டியன் முதலாம் ராஜசிம்மன் அவன் பக்கம் நின்றான். நந்திவர்மன் நந்திபுரத்தில் முற்றுகையிடப்பட்டான். நந்திபுரம் என்பது கும்பகோணம் அருகில் உள்ள இன்றைய நாதன்கோயில்.

• உதயசந்திரன்: வேகவதிக் கரையில் இருந்த வில்வலபுரத்தின் தலைவன், பூசான் குடி, பல்லவர் படைத்தலைவன். முற்றுகையை உடைத்து அரசனை மீட்டான். சித்திரமாயனைக் கொன்றான். சபர அரசன் உதயணனையும், வடக்கே நிஷாதர் தலைவன் பிருதிவிவியாக்கிரனையும் வென்றான். அவன் வேண்டுகோளின்படி ஓர் ஊர் உதயசந்திரமங்கலம் என்ற பெயரில் 108 அந்தணர்களுக்குத் தானமாக்கப்பட்டது. அந்த ஆவணம்தான் உதயேந்திரம் செப்பேடு. என்னைக் கேட்டால், அழைத்துவந்தவர்கள் முடியைத் தந்தார்கள், அதைத் தலையில் நிற்கவைத்தவன் உதயசந்திரன். அவன் பெயர் இல்லாத விடை முழுமையாகாது.

பாண்டியர் தரப்பில் கதை வேறு. வேள்விக்குடிச் செப்பேடு ராஜசிம்மன் பல்லவமல்லனை வென்றதாகச் சொல்கிறது. அந்தப் பாண்டியனின் பட்டம் ‘பல்லவபஞ்சனன்’.

• காஞ்சியைச் சாளுக்கியர் பிடித்தல்: சுமார் 740-இல், இப்போது அரசனாகிவிட்ட இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். நகரை அழிக்கவில்லை. ராஜசிம்மேசுவரத்தின், அதாவது கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூணிலேயே இருக்கிறது. அவன் அரசி லோகமகாதேவி, இந்த வெற்றிகளின் நினைவாகப் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள்.

• ராஷ்டிரகூடர்: தந்திதுர்க்கன் காஞ்சியை வென்றான், பின் உறவு மலர்ந்தது. நந்திவர்மன் ராஷ்டிரகூட இளவரசி ரேவாவை மணந்தான். மகனுக்குத் தந்திவர்மன் என்ற பெயர் அமைந்தது இந்த உறவால்தான் என்று நினைவில் வைத்தால் மறக்காது.

• கோயில்: வைகுண்டப் பெருமாள் கோயிலின் பழம்பெயர் பரமேசுவர விண்ணகரம். முடிசூடுமுன் நந்திவர்மனுக்குப் பரமேசுவரன் என்ற பெயரும் இருந்தது. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் மூன்று தளங்களில் காட்சி தருகிறார். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் இவனுடைய காலத்தவர், இந்தத் தலத்தைப் பாடியவர்.

• ஆய்வு: சிற்பத் தொடரை விரிவாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. அவருடைய நூல் 1941-இல், அவர் மறைந்த பிறகு, இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

• குழப்பம் தவிர்க்க: தெள்ளாறெறிந்த நந்திவர்மன், நந்திக்கலம்பகத்தின் நாயகன் – இவன் மூன்றாம் நந்திவர்மன். நம் பல்லவமல்லன் இரண்டாமவன். பெயர்கள் ஒன்றாக ஒலிப்பதால் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் போகிறது.

• ஆட்சிக்காலம்: சுமார் 731 முதல் 796 வரை, ஏறத்தாழ 65 ஆண்டுகள்.

காஞ்சிப் பக்கம் போக நேர்ந்தால் பெருமாளைச் சேவித்த கையோடு திருச்சுற்றையும் ஒருமுறை நிதானமாகச் சுற்றி வாருங்கள். மணற்கல் பல இடங்களில் கரைந்துவிட்டது. முடிசூட்டுச் சிற்பங்களை இன்னும் பார்க்க முடிகிறபோதே பார்த்துவிடுங்கள். கை வைத்துத் தடவாதீர்கள்.