காஞ்சனாவுக்குக் கைதட்டலாமா?

'காஞ்சனா' படங்களை என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துப் பார்க்கிறார்கள். அக்கா மகனோ, "எல்லாம் வெறும் கூச்சல்" என்கிறான். அவற்றை இயக்கி நடித்த ராகவா லாரன்ஸைப் பாராட்டுவதா, திட்டுவதா? – வாசகி, அம்பத்தூர்

முதல் 'காஞ்சனா'வுக்குத் தாராளமாகப் பாராட்டுங்கள், சகோதரி. 2011-ல் வந்த அந்தப் படத்தில் பேய் ஒரு திருநங்கை. பெற்றவர்கள் விரட்டிவிட, ஒரு இஸ்லாமியர் எடுத்து வளர்க்கிறார். தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு பிள்ளையை, காஞ்சனா என்ற அந்தத் திருநங்கை டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படுகிறார். அந்த வேடத்தில் நடித்தவர் சரத்குமார்! மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014-ல்தான். அதற்கு முன்பே, குடும்பம் குடும்பமாக வந்த கூட்டத்தை ஒரு திருநங்கைக்காகக் கண்கலங்க வைத்தார் லாரன்ஸ். சாதாரண விஷயமில்லை அது.

உங்கள் அக்கா மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயந்தாங்கொள்ளி நாயகன், கோவை சரளாவின் அலறல், பேய் புகுதல், ஃப்ளாஷ்பேக், பழிவாங்கல் என்று 2015-லும் 2019-லும் வந்த அடுத்த பாகங்களையும் லாரன்ஸ் அதே அச்சில்தான் வார்த்தார். முதல் படத்திலேயே, நாயகன் பெண்போல நடப்பதைச் சிரிப்பாக்கியது எனக்கு உறுத்துகிறது.

பிள்ளைகளோடு பார்க்கும்போது ஃப்ளாஷ்பேக்கை ஓட்டிவிடாதீர்கள். காஞ்சனாவை ஏன் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள் என்று அவர்கள் கேட்டால், உட்கார்ந்து பேசுங்கள். அக்கா மகனுக்கு மிஷ்கினின் 'பிசாசு', அஸ்வின் சரவணனின் 'மாயா' ஆகிய இரண்டு பேய்ப் படங்களையும் சொல்லுங்கள். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும்.