தெம்புசு மரத்தை அறிவோம்

சிங்கப்பூரின் 5 வெள்ளித் தாளின் பின்புறத்தில் ஒரு மரம் இடம்பெற்றுள்ளது. அதன் கிளை ஒன்று தாழ்வாகப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அப்படத்தைப் பலரும் பார்த்திருப்பர். மரத்தின் பெயரை அறிந்தவர் சிலரே. அதுதான் தெம்புசு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இயற்கையாக வளரும் மரம் அது.

தெம்புசுவை அடையாளம் காண, முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த மரத்தின் பட்டை கரும்பழுப்பு நிறத்தில், மேலிருந்து கீழாக ஆழமான வெடிப்புகளுடன் இருக்கும். ஆனால், வெடித்த பட்டை வேறு மரங்களுக்கும் உண்டு. எனவே, இலைகளையும் கவனிக்க வேண்டும். அவை நீள்வட்ட வடிவில், இளம்பச்சை நிறத்தில், இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். இலையின் விளிம்பில் பற்கள் இருக்காது.

பூக்கும் காலத்தில் அடையாளம் காண்பது இன்னும் எளிது. வெண்மஞ்சள் நிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். மாலை வேளையில் அவற்றின் நறுமணம் தொலைவிலும் வீசும். பூக்களுக்குப் பின் தோன்றும் சிறிய பழங்களை வௌவால்களும் பறவைகளும் உண்ணும்.

வெள்ளித் தாளில் உள்ள மரம் சிங்கப்பூர்ப் பூமலையில் நிற்கிறது. 1859இல் பூமலை அமைக்கப்படும் முன்பே அது அங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது. முன்பு பலர் அதன் தாழ்ந்த கிளையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். பலரும் மிதிப்பதால் மண் இறுகும். வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைப்பது குறையும். இன்று அம்மரத்தைச் சுற்றி வேலி உள்ளது. பட்டையையும் இலையையும் பூவையும் கவனித்து மரத்தை அறிந்தவர்கள், அந்த வேலியின் தேவையையும் உணர்வர்.