தனித்தியங்கும் மக்கள் தொடர்பு ஆலோசகர்: தொழிலும் வரவு செலவும்

தம் அறிவையும் அனுபவத்தையுமே மூலதனமாகக் கொண்டு, எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலிலும் இடம்பெறாமல் தொழில் நடத்துவோருள் மக்கள் தொடர்பு ஆலோசகரும் ஒருவர். ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு கணிப்பொறி ஆகியவை இருந்தால் இத்தொழிலைத் தொடங்கிவிடலாம். தொடங்குவது எளிது, தனித்து நிற்பதே அரிது.

விற்பனைப் பொருள் எது?

மக்கள் தொடர்பும் விளம்பரமும் ஒன்றல்ல. விளம்பரம் தருவோர் பத்திரிகையில் இடத்தை விலைக்கு வாங்குகின்றனர். ஆலோசகரோ செய்தியாகத் தகுந்த உண்மையை ஆசிரியரின் முடிவுக்கு முன்வைக்கிறார். ஆகவே, செய்தி வெளிவந்தே தீரும் என உறுதி கூற அவருக்கு உரிமையில்லை. நிறுவனம் மக்களுக்கு எதைச் சொல்ல வேண்டும், எதைத் திருத்திக்கொண்ட பின்னர் சொல்ல வேண்டும் என்னும் அறிவுரையே அவர் விற்கும் பொருளாகும். 1968 ஏப்ரல் 21ஆம் நாள் புதுதில்லியில் கூடிய அனைத்திந்திய மாநாட்டில் இத்தொழிலுக்கான நெறிமுறைகள் ஏற்கப்பட்டன. அந்நாளே தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கட்டணத்தைக் கணக்கிடுதல்

நெறியைக் காக்க நிதிநிலை சீராக இருத்தல் வேண்டும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆண்டின் 365 நாள்களில் வார ஓய்வு 104, விடுமுறையும் நோயும் 31, எஞ்சுவன 230. இவற்றில் பாதி, பணி தேடுவதிலும் கணக்கு எழுதுவதிலும் கழியுமாயின், கட்டணம் ஈட்டும் நாள்கள் 115 மட்டுமே. குடும்பத்திற்கும் அலுவலகத்திற்கும் ஆண்டுக்கு 9,20,000 ரூபாய் தேவையெனில், நாட்கட்டணம் 8,000 ரூபாய் ஆகும். 230ஆல் வகுத்து 4,000 ரூபாய் என நிர்ணயிப்பவர், ஆண்டு முடிவில் தேவையில் பாதியே கிடைக்கக் காண்பார். அக்குறையை நிரப்ப, ஏற்கத் தகாத பணிகளையும் அவர் ஏற்க நேரிடும்.

வருவாயின் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவதும் இத்தகைய இடரே. அவருடைய தவற்றை எடுத்துரைக்கும் துணிவு அப்போது குன்றிவிடும். எனவே, மாதக் கட்டண ஒப்பந்தங்கள் சிலவற்றைப் பல துறைகளிலிருந்து பெறுவது நன்று.

நிலுவையும் சட்டமும்

இலாபக் கணக்கு இருந்தும் கையில் ரொக்கமின்றித் தொழில் முடங்குவதுண்டு. பெரும்பாலான மாநிலங்களில், ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு, சேவை வரிப் பதிவு பெற வேண்டும். பட்டியல் அனுப்பிய பின் வாடிக்கையாளர் பணம் தராவிடினும், 18 விழுக்காடு வரியை உரிய காலத்தில் செலுத்தியாக வேண்டும்.

இந்நிலையில், குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவருக்குரிய தொகையை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பினும், 45 நாள்களுக்கு மேல் தாமதிக்கலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள்களே கெடு. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகச் செலுத்த வேண்டும். பணியைத் தொடங்குமுன்பே 'உத்யம்' பதிவைப் பெறுவதும், பணியின் எல்லை, கட்டணம், கெடு ஆகியவற்றை எழுதிக்கொள்வதும் விவேகமாகும்.

வேண்டாத பணியை மறுக்கும் ஆற்றலே தனித்தியங்கும் ஆலோசகரின் உண்மைச் சொத்து. சில மாதச் செலவுக்குரிய சேமிப்பும் ஒழுங்கான கணக்கேடும் இல்லாதவரிடம் அவ்வாற்றல் நிலைப்பதில்லை. அதனை இழந்தவரின் அறிவுரைக்கு வாடிக்கையாளரிடமும் மதிப்பிராது.