உலோகத்தின் உள்ளமைப்பும் பல்கலைக்கழக ஆய்கூடமும்

இரும்பைக் காணாதார் நம்முள் ஒருவருமிலர். இரும்பின் உள்ளே கண்டாரோ மிகச் சிலர். உழவரின் கொழுவும், கொல்லரின் சம்மட்டியும், புகையிரதத் தண்டவாளமும், வீட்டுக் கூரையைத் தாங்கும் கம்பியும் நாள்தோறும் நம் கண்முன் நிற்பன. வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்துகின்றோம். ஒடிந்த அரத்தை எடுத்து எறிகின்றோம். ஆணி வளைந்தது ஏன், அரம் வளையாது ஒடிந்தது ஏன் என்று நாம் வினவுவதில்லை. இவ்வினாவை முறையாக எழுப்பி, விடையை உலோகத்திடமிருந்தே கேட்டுப் பெறும் கல்வி உலோகவியல் எனப்படும். மட்பொருள், கண்ணாடி, பிளாத்திக்கு, இறப்பர் முதலியவற்றையும் உடன்சேர்த்து ஆராயுங்கால் அது பொருள் விஞ்ஞானம் என விரியும். இக்கல்விக்கு உயிர்நிலையாவது ஆய்கூடம். அவ்வாய்கூடம் மாணவனுக்கு யாது கற்பிக்கின்றது என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இப்பொருளில் நாட்டம் பிறந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பொருள் விஞ்ஞானப் பொறியியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் நம்மைக் காண வந்தார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து கரிய பிசின் வில்லை ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தார். அதன் நடுவே முகம் தெரியுமளவிற்குப் பளபளக்கும் சிறு வட்டம் ஒன்று இருந்தது. கண்ணாடியோ என வினவினோம். "இல்லைச் சேர், உருக்குத் துண்டு, நான் தேய்த்தது" என்றார். ஈராண்டு உயர்தர வகுப்பிற் பயின்றும் ஓர் உலோகத் துண்டைத் தம் கையால் அரத்தில் தேய்த்தறியாத அம்மாணவர், இரண்டு பிற்பகல்களை அச்சிறு வட்டத்தின்மேற் செலவிட்டிருந்தார். புள்ளிகள் போதாமையால் தமக்கு வாய்த்த துறை எனச் சலிப்புற்றிருந்தவர், அன்று அத்துண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் கூறியவற்றை அடியாகக் கொண்டு நாம் தேடிக் கற்றனவே ஈண்டுத் தரப்படுகின்றன.

தாமரை என்னும் சொல்லை நோக்குக. பிரியாது நிற்குமிடத்து அது மலரைக் குறிக்கும். தா மரை எனப் பிரிப்பின் தாவுகின்ற மானைக் குறிக்கும். எழுத்துகள் அவையே, உள்ளமைப்பு வேறுபடப் பொருளும் வேறுபடுகின்றது. உருக்கும் இத்தகையதே. இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்தது உருக்கு. அவ்விரண்டும் எவ்வளவு உள என்பதை இரசாயனப் பகுப்பு உரைக்கும். அவை உள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அப்பகுப்பு உரைக்கமாட்டாது. அடுக்கின் வேறுபாட்டாலேயே ஓர் உருக்கு வளைகின்றது. மற்றோர் உருக்கு ஒடிகின்றது. ஆதலின், அடுக்கைக் கண்ணாற் காண்பதே உலோகவியல் மாணவனின் முதற் பாடமாகும்.

அப்பாடம் நடைபெறும் முறை வருமாறு. முதலில், ஆராயவேண்டிய உலோகத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டப்படும். வெட்டும்போது குளிர்நீர் பாய்ந்துகொண்டேயிருத்தல் வேண்டும். அன்றேல் வெட்டுச் சூடே உள்ளமைப்பை மாற்றிவிடும். பின்னர் அத்துண்டு பிசினிற் பதிக்கப்படும். அதன் முகம் சிலிக்கன் காபைட்டுத் தாளில், பருமணித் தாளிலிருந்து நுண்மணித் தாள்வரை, 240, 320, 400, 600 என்னும் வரிசையில் ஈரத்தோடு தேய்க்கப்படும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைச் செங்கோணம் திருப்பித் தேய்த்தல் வேண்டும். அப்பொழுதே முந்திய தாள் இட்ட கீறல் முற்றும் நீங்கியதா என்பது தெரியும். அதன்பின் சுழலும் துணிச்சில்லில், வைரத் துகட்பசை இட்டு மெருகேற்றுவர். முடிவில், அற்ககோலில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைத்திரிக் அமிலம் சேர்த்த கரைசலிற் சில விநாடிகள் மட்டும் முகத்தைத் தோய்த்து, கழுவி, உலர்த்துவர். அக்கரைசலை ஆக்குங்கால் அமிலத்தையே அற்ககோலுட் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். செறிந்த கரைசலைப் புட்டியில் இறுக மூடி வைத்தலுமாகாது. இவ்விதி ஆய்கூடத்தின் அரிச்சுவடியாகும்.

இனி, துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குக. வெறும் பளபளப்பாயிருந்த முகம், கரை கட்டிய வயல்களை மலையுச்சியிலிருந்து பார்த்தாற்போல், சிறுசிறு மணிகளாகப் பிரிந்து தோன்றும். வெண்ணிறமானவை ஏறக்குறையத் தூய இரும்பு மணிகள். அவை பெரைற்று எனப்படும். கருமை கலந்தவற்றை மேலும் பெரிதாக்கின், மெல்லிய தகடுகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய கோலம் தெரியும்; அது பேளைற்று எனப்படும். சிப்பியின் உட்புறம்போல் ஒளிர்தலின் அதற்கு அப்பெயர் வந்தது.

நம் மாணவருக்கு முதல் நாள் நேர்ந்ததை ஈண்டுக் கூறல் தகும். நுணுக்குக்காட்டியில் நோக்கிய அவர், துண்டின் குறுக்கே நீண்ட கோடொன்றைக் கண்டு, உருக்கில் வெடிப்பு உளது எனக் குறிப்பேட்டில் எழுதினாராம். விரிவுரையாளர் அவரைக் கடியவில்லை; மீண்டும் 400 ஆம் தாளிலிருந்து தொடங்குக என்று மட்டும் கூறினாராம். அவ்வாறு செய்ய, வெடிப்பு மறைந்தது. அது உலோகத்தின் குற்றமன்று. அவர் தம் கையால் இட்ட கீறல். தான் இட்ட கீறலையும் பொருளில் உள்ள வெடிப்பையும் வேறு பிரித்தறிதலே ஆய்கூடக் கல்வியின் சாரம் என்பது நம் துணிபு. இதனை எந்நூலும் கற்பிக்கவியலாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழி இவ்விடத்திற்கு முற்றும் பொருந்தும்.

அடுத்தது உலைக்களம். நூற்றுக்கு 0.8 பங்கு காபன் கொண்ட உருக்குத் துண்டுகள் மூன்றை ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை சூடாக்குக. ஒன்றை உலையினுள்ளேயே மெல்ல ஆறவிடுக. ஒன்றைக் காற்றில் ஆற்றுக. ஒன்றை நீரிற் சடுதியாகத் தோய்க்குக. முதலாவதில் அரம் எளிதில் இறங்கும். இரண்டாவது அதனினும் வலிது. மூன்றாவதில் அரம் வழுக்கும். ஆயின் ஓங்கி அறையின் அது கண்ணாடிபோல் உடையும். நுணுக்குக்காட்டியில் முதலாவது பருந்தகடுகளாகவும், இரண்டாவது நுண்தகடுகளாகவும், மூன்றாவது ஊசிகளைக் கொட்டினாற்போலவும் தோன்றும். இவ்வூசியமைப்பு, பேர்லினில் ஆராய்ந்த அடோல்பு மார்ட்டென்சு என்பாரின் பெயரால் மாட்டென்சைற்று என வழங்குகின்றது. நீரிற் தோய்த்த துண்டை மீண்டும் மிதமாகச் சூடாக்கின், வன்மையிற் சிறிது குறைந்து உறுதி பெறும். நம் ஊர்க் கொல்லர் கத்திக்குத் துவைச்சல் கொடுக்குங்கால் நிறம் பார்த்துச் செய்வதும் இதுவே.

வன்மையை அளக்க, சுவீடன் நாட்டுப் பிரினெல் 1900 இல் உருக்குக் குண்டை அழுத்தும் முறையை வகுத்தார். விக்கேர்சு முறையில் 136 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பகம் அழுத்தப்படும். தாக்கத்தை அளப்பது பிரான்சு நாட்டுச் சாப்பியின் பெயர் கொண்ட ஊசற் பொறி. 10 மில்லிமீற்றர்ச் சதுரமும் 55 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கோலின் நடுவே 2 மில்லிமீற்றர் ஆழத்திற்கு வெட்டிட்டு, ஊசலால் அடித்து முறிப்பர். சாதாரண வெப்பநிலையில் நார்போற் கிழிந்த அதே உருக்கு, பனிக்கட்டியினும் குளிர்ந்த நிலையில், மினுமினுக்கும் மணிகளாய் நொடியில் உடைவதை மாணவன் காண்பான்.

இதனைக் காண்பதாற் பயன் என்னை என வினவுவார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1943 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்டு நகரில், சிகெனெக்ரடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில், துறையிற் கட்டப்பட்டு நின்றவாறே நடுவே பிளந்தது. அக்காலத்திற் கட்டப்பட்ட வேறு பல கப்பல்களுக்கும் இத்தகைய பிளவு நேர்ந்தது. தகடுகளை ஆணியால் அறையாது உருக்கி ஒட்டியதே குற்றம் எனப் பலர் எண்ணினர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கொன்சுடன்சு டிப்பர் என்னும் அம்மையார், உடைந்த தகடுகளை ஆய்கூடத்தில் ஆராய்ந்து, அவ்வுருக்கு ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழே நொருங்கும் இயல்பை அடைகின்றது எனக் காட்டினார். ஒட்டிய உடலில் வெடிப்பு தடையின்றி ஓடியதும் உண்மையே. ஆயின் ஓடவிட்டது உருக்கின் இயல்பு. அதன்பின் கப்பலுருக்கைத் தெரியும் முறையே மாறிற்று. கோலொன்றை முறிக்கும் பாடம் கடலில் மாந்தர் உயிரைக் காக்கும் பாடமாதலை உணர்க.

இக்கல்வி பெருஞ்செல்வத்தோடு பிறந்ததன்று. இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து என்றி கிளிப்டன் சோபி என்பார், தம் வீட்டிலமைத்த ஆய்கூடத்தில், 1863 ஆம் ஆண்டளவில் உருக்கை மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து, நுணுக்குக்காட்டியில் நோக்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் அருமையை உலகம் உணரவில்லை. பின்னர் அந்நகரின் பேர்த்துக் கல்லூரிக்கு அவர் தலைவரானார். அக்கல்லூரி வழியே 1905 இற் செபீல்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. உருக்காலைகளும் ஆய்கூடமும் ஒரே நகரில் ஒன்றற்கொன்று வினாவும் விடையுமாய் நின்றமையே அதன் சிறப்புக்குக் காரணம்.

அந்நகரத்து உருக்கு வணிகரும் மங்கனீசு உருக்கைக் கண்டவருமாகிய றொபேட் கட்பீல்டு, இலங்கையின் பண்டை இரும்புக் கருவிகள் சிலவற்றை, சிகிரியாவிற் கிடைத்த உளியொன்று உட்பட, ஆராய்ந்து 1912 இல் இலண்டன் வேத்தியற் கழகத்திற்கு அறிக்கை அளித்தார். அதற்கு முன்னரே, இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் முதல் இயக்குநராயிருந்த நம்மவர் ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டில் இரும்பும் உருக்கும் ஆக்கிய முறையை 1908 இல் வெளியிட்ட தம் நூலிற் பதிவு செய்தார். சமனலவாவிப் பகுதியின் மேற்கு நோக்கிய சரிவுகளில், பருவக் காற்றே துருத்தியாக இயங்கிய பழைய உலைகளைப் பற்றி யூலெவ் அம்மையார் 1996 இல் உலகறிய எழுதினார். ஐரோப்பியர் வூட்சு என வியந்த உருக்கின் பெயர் நம் உருக்கு என்னும் சொல்லோடு உறவுடையது என்பர் அறிஞர். நம் முன்னோர் கை அறிந்திருந்தது. அதன் காரணத்தை ஆய்கூடம் பிற்காலத்தில் அறிந்தது. கையும் காரணமும் ஒருங்கு கூடுமிடமே பல்கலைக்கழக ஆய்கூடம்.

இன்றைய ஆய்கூடங்களில் மேலும் நுண்ணிய கருவிகள் உள. பளிங்கினுள் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையை எக்ஸ் கதிரால் அளக்கும் வழியை வகுத்த பிராக்கு என்னும் தந்தையும் மகனும் 1915 இல் நோபெற் பரிசு பெற்றனர். 1965 இல் விற்பனைக்கு வந்த அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி, உடைந்த முகத்தின் மேடுபள்ளங்களைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும். இவை பெருவிலையின. அதிர்வற்ற அறையும், தடையற்ற மின்சாரமும், பழகிய தொழினுட்ப உதவியாளரும் இல்லாவிடின் இவை பூட்டிய அலுமாரிக்கு ஒப்பாகும். ஆதலின் இத்தகையனவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் பொதுவிற் பேணிப் பயன்கொள்ளுதல் அறிவுடைமை. ஆயின் மெருகேற்றும் சில்லும், சிறு உலையும், நல்ல ஒளி நுணுக்குக்காட்டியும் ஒவ்வொரு மாணவனின் கைக்கும் எட்டுதல் வேண்டும். நாற்பது பேர் சூழ்ந்து நிற்க ஒருவர் செய்து காட்டும் பரிசோதனை பரிசோதனையன்று, அது காட்சி.

பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, உங்கள் தொழிற்சாலையில் ஒடிந்த அச்சையும், முறிந்த சுருள்வில்லையும், துருவேறிய குழாயையும் எறிந்துவிடாது, எத்தனை ஆண்டு எவ்வாறு உழைத்தது என்ற குறிப்போடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புக. வரலாறு தெரிந்த உடைவினும் சிறந்த பாடநூல் இல்லை. இரண்டாவது, விழா நினைவாகப் பொருளுதவ எண்ணுவோர் பெயர் பொறித்த பெருங்கருவியை மட்டும் நினையாது, நாளும் தேயும் தாளையும், தீரும் துகட்பசையையும், கருவியைப் பழுதுபார்ப்போர் கூலியையும் நினைக. முதலைக் கொடுப்போர் பலர். நித்திய செலவைக் கொடுப்போர் அரியர். மூன்றாவது, பயிற்சி நாடி வரும் மாணவரை வாயிலில் நிறுத்தாது உலையருகே அழைத்துச் செல்க.

இளமாணவர்காள்! வேறொன்று கிட்டாமையாற் கிட்டியது என இத்துறையை எள்ளாதீர். பாலமும் விமானமும் மருத்துவர் எலும்பினுள் வைக்கும் தகடும் ஏதேனும் ஒரு பொருளால் ஆகியனவே. அப்பொருள் தாங்குமா என்று கூறவல்லார் ஒருவர் வேண்டும். அக்கூற்றுக்கு உயிர்கள் பிணையாக நிற்கும். எனவே வெடிப்பு என எழுதுமுன் அது நும் கை இட்ட கீறலோ என ஒருமுறை நோக்குக. ஐயம் எழுமாயின் மீண்டும் தேய்க்க நாணாதீர். நம் மேசைமீது இன்றும் இருக்கும் அக்கரிய பிசின் வில்லை நமக்கும் அதனையே நாள்தோறும் உரைக்கின்றது.