நடுவில் நால்வர், ஓரத்தில் யார்?

கால்பந்தில் குறுகிய வியூகத்தைப் புரிந்துகொள்ள, பந்தையே பின்தொடரும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். சங்கரன்கோவிலில் பள்ளி அணியைப் பழக்குபவருக்கும், தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் ரசிகருக்கும் இது பொருந்தும். இந்த வியூகத்தின் பலம் நடுக்களத்தில் தெரிகிறது. ஆனால் அது நிலைக்குமா என்பதை முடிவுசெய்பவை இரண்டு ஓரங்கள்தான்.

முதல் படி, தலைகளை எண்ணுவது. பின்னால் நான்கு டிஃபெண்டர்கள், முன்னால் இரண்டு ஃபார்வர்டுகள். இடையில் நான்கு மிட்ஃபீல்டர்கள் வைர வடிவில் நிற்பார்கள்: கீழ்முனையில் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர், மேல்முனையில் ஒருவர். விங்கர் கிடையாது. எதிரணி வழக்கமான 4-4-2 முறையில் ஆடினால் அதன் நடுவில் இருவரே இருப்பார்கள். ஆகவே மார்க் செய்ய ஆளில்லாத ஒருவர் எப்போதும் கிடைப்பார். அவர் யார் என்று கண்டுபிடிப்பது இரண்டாம் படி. 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஏசி மிலானின் கீழ்முனையில் பிர்லோ, பக்கங்களில் கட்டூசோவும் சீடோர்ஃபும், மேல்முனையில் காகா. மூன்றாவது கோலுக்கு முன் காகா நடுக்களத்தில் திரும்பி, லிவர்பூல் தடுப்பைப் பிளந்து கிரெஸ்போவுக்குப் பாஸ் கொடுத்தார். இடைவேளையில் 3-0.

மூன்றாம் படி, ஃபுல் பேக்குகளைக் கவனிப்பது. விங்கர் இல்லாத அணிக்கு அகலம் தருபவர்கள் அவர்களே. அவர்கள் மேலேறும்போது கீழ்முனை மிட்ஃபீல்டர் பின்வாங்கி இடத்தை அடைக்கிறாரா என்று பாருங்கள். நான்காம் படி, பந்து ஒரு ஓரத்துக்குப் போனால் மறு ஓரத்தைப் பார்ப்பது. வைரம் முழுவதும் பந்துப் பக்கம் நகர்வதால் அங்கே வெற்றிடம் விழும். அதே ஆட்டத்தின் பிற்பாதியில் லிவர்பூல் மூன்று டிஃபெண்டர் முறைக்கு மாறியது. ரீசே இடது ஓரத்தில் முன்னேறினார். 54ஆம் நிமிடத்தில் அவர் அனுப்பிய கிராஸைத்தான் ஜெரார்டு தலையால் முட்டி கோலாக்கினார். 60ஆம் நிமிடத்துக்குள் 3-3. பெனால்டி ஷூட்அவுட்டில் லிவர்பூல் வென்றது.

மற்ற இரண்டு கோல்களும் கிராஸில் வரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே மாற்றத்தில் லிவர்பூலின் ஹாமன் நடுக்களத்துக்கு வந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரம் திறந்தது, நடுவில் மிலானுக்கு இருந்த ஆள்பலமும் குறைந்தது. குறுகிய வியூகம் இரண்டையும் ஒன்றாக இழந்தால் தாங்காது. அப்படியானால் இந்த முறையே தவறா? இல்லை. 1966 உலகக் கோப்பை இறுதியில் ஆல்ஃப் ராம்சேயின் இங்கிலாந்து விங்கர் இல்லாமலே ஆடி மேற்கு ஜெர்மனியை 4-2 என வென்றது. கோஹனும் வில்சனும் ஃபுல் பேக் இடத்திலிருந்து மேலேறி அந்தக் குறையை ஈடுகட்டினார்கள்.

ஐந்தாம் படி, மைதானத்தை அளப்பது. விதிப்படி அகலம் 45 மீட்டர் முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம். அகலம் குறையக் குறைய வைரம் பக்கவாட்டில் ஓட வேண்டிய தூரமும் குறையும். ஆகவே உங்கள் மைதானத்தை அளந்து பாருங்கள். தொண்ணூறு நிமிடமும் ஏறி இறங்கத் தெம்புள்ள இரு ஃபுல் பேக்குகள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவர்கள் இல்லையென்றால், நடுவில் எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் இந்த வியூகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.